மேல்மண் காய்ந்திருக்கிறது, இலை மஞ்சளாகிறது: போன்சாய்க்குத் தண்ணீரைக் கூட்டலாமா?

திருப்பூர் வாசகி ஒருவரின் கேள்வி: ஹாலில் டிவி பக்கத்து மூலையில் ஃபைகஸ் (ஆல், அத்தி வகை மரம்) போன்சாய் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் ஒரு டம்ளர் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் மேல்மண் காய்ந்து இறுகிக் கிடக்கிறது. இலைகள் மஞ்சளாகிக் கொட்டுகின்றன. தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறது. இன்னும் அதிகமாக ஊற்ற வேண்டுமா?

வேண்டாம்ங்க. முதலில் ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். நுனி கறுத்து, ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் மேலே எவ்வளவு காய்ந்திருந்தாலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். மோந்தும் பாருங்கள். புளித்த வாடை அடித்தால் வேர் அழுக ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் போதாத மரத்தின் இலை மொறுமொறுவென்று காயும். நீங்கள் சொல்வதுபோல் மஞ்சளாகிக் கொட்டினால் எனக்கு வேர்மேல்தான் முதல் சந்தேகம்.

குறை மண்ணில் இருக்கிறது. நம் பக்கத்துச் செம்மண் தோட்டத்துக்கு அருமையானது. ஆழமில்லாத போன்சாய்த் தட்டில் அது இறுகிப்போகும், வேருக்குக் காற்றுப் போகாது. தட்டு ஆழமில்லாததே ஒரு சிக்கல். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கவைத்துப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அப்படியே செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி சொட்டும். உயரம் குறைந்தால் தண்ணீர் முழுதாக வடியாமல் அடியில் தங்கிவிடுகிறது. அதனால்தான் போன்சாய்க்குப் பொடி மண் ஆகாது, குருணை மண் வேண்டும்.

உடைந்த செங்கல்லையோ பழைய கூரை ஓடுகளையோ மிளகு அளவுக்கு நொறுக்கிக்கொள்ளுங்கள். மாவுச் சல்லடையில் சலித்துத் தூளைக் கொட்டிவிடுங்கள். இதில் சோம்பல் கூடாது, அந்தத் தூள்தான் அடியில் போய் அடைக்கும். மூன்று பங்கு செங்கல் குருணைக்கு ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு கைப்பிடி மண்புழு உரம். பொள்ளாச்சிப் பக்கம் நார்க்கழிவு தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அதில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்தே சேருங்கள். எம்-சாண்ட் என்கிற அரைத்த கல் மணலைத் தவிர்ப்பது நல்லது, அதில் தூள் அதிகம்.

மாற்றி நடும்போது கறுத்துக் கூழான வேரை மட்டும் வெட்டுங்கள், கெட்டியான வேரில் இப்போது கை வைக்க வேண்டாம். புது இலை விடும்வரை உரமும் வேண்டாம்.

அந்த வெள்ளைப் படிவு போர் தண்ணீரின் உப்பு. தினம் ஒரு டம்ளர் என்று ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் மண்ணில் சேர்ந்துகொண்டே வரும். மண் மாற்றிய பிறகு, மேல்மண்ணுக்கு அரை அங்குலம் கீழே காயும்வரை பொறுத்திருந்து, அப்புறம் அடித்துளை வழியாக வடிந்தோடும்வரை நிறைய ஊற்றுங்கள். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுங்கள். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் பிடித்து மரத்துக்கென்று வைத்துக்கொண்டால் போதும். மழைத்தண்ணீர் இன்னும் நல்லது. ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. அதில் உப்பு இன்னும் கூடுதல்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வீசும்போது ஜன்னலோர மரம் ஒரே நாளில் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் நான்கு நாளானாலும் ஈரம் இருக்கும். குச்சி சொல்வதைக் கேளுங்கள்.

இடத்தையும் மாற்றுங்கள். டிவி பக்கத்து மூலையில் வெளிச்சம் போதாது, மரம் தண்ணீரையும் குறைவாகவே உறிஞ்சும். கிழக்கு ஜன்னலோரம் சரியாக இருக்கும். இடம் மாறியதில் இன்னும் கொஞ்சம் இலை கொட்டும், ஃபைகஸின் குணம் அது. அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிறு கிளையில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்து பால் கசிந்தால் மரம் உயிரோடுதான் இருக்கிறது.