‘குடிப்பேன்’ என்று வந்தால் ஐ.என்.ஜி. வேண்டாம்

ரங்கூனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “ஓட்டல் வரவேற்பு வேலைக்கு இன்டர்வியூ போனேன். ‘ஐ ஆம் நோயிங் பர்மீஸ் அண்ட் தமிழ்’ என்றேன். எதிரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே ‘ஐ நோ’ என்று திருத்தினார். ஆங்கில வினைச்சொல்லின் கடைசியில் ஐ.என்.ஜி. எங்கே போடுவது, எங்கே விடுவது?”

‘ஐ டிரிங்க்’ என்றால் ‘குடிக்கிறேன்’ என்று பள்ளியில் எழுதிப் போட்டார்களே, குழப்பம் அங்கேதான் ஆரம்பம். தமிழில் ‘குடிக்கிறேன்’ இரண்டு பக்கமும் பேசும். கையில் கிளாஸோடு “டீ குடிக்கிறேன்” என்போம். “தினமும் இங்கேதான் குடிக்கிறேன்” என்றும் சொல்வோம். அதனால் அதை வைத்து ஆங்கிலத்தை அளக்காதீர்கள்.

‘குடிப்பேன்’ என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். “காலையில் என்ன சாப்பிடுவீங்க?” என்றால் “மொகிங்கா (பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ்) சாப்பிடுவேன்” என்கிறோம். இலக்கணம் அதை எதிர்காலம் என்னும். பேச்சில் அது வழக்கம். ஆங்கிலத்தில் ‘ஐ ஈட் மொகிங்கா’. (‘நாளைக்குச் சாப்பிடுவேன்’ என்றால் மட்டும் ‘வில்’.) ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று நீட்ட முடிந்தால் ‘ஐ ஆம் ஈட்டிங்’. பர்மியத்திலும் இதே கதைதான்: சும்மா ‘சா தெ’, நடந்துகொண்டிருந்தால் ‘சா நே தெ’. அந்த ‘நே’ நம்முடைய ‘இரு’தான்.

இப்போது உங்கள் ‘நோயிங்’. தெரியும், பிடிக்கும், வேண்டும் – மூன்றும் ‘உம்’மில் முடிவதைக் கவனித்தீர்களா? “எனக்குப் பர்மியம் தெரிந்துகொண்டிருக்கிறது” என்று யாராவது சொல்வார்களா? நோ, லைக், வான்ட் மூன்றுக்கும் ஐ.என்.ஜி. கிடையாது.

இந்த அளவுகோல் எல்லா இடத்திலும் உதவாது. “இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்” என்பதை நம்பி ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்றால் மறுபடி சிரிப்பார்கள். உடைமைக்கு ‘ஐ ஹேவ்’ மட்டும்தான். ஆனால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி, அங்கே ‘ஹேவ்’ சாப்பிடுவது. இதை மனப்பாடம்தான் செய்யவேண்டும், வேறு வழியில்லை.

இன்னொன்று, தற்காலிகம். ஊர் ரங்கூன் (இன்றைய பெயர் யாங்கோன்) என்றால் ‘ஐ லிவ் இன் யாங்கோன்’. வேலை கிடைக்கும்வரை மாமா வீட்டில் தங்கல் என்றால் ‘ஐ ஆம் லிவிங் வித் மை அங்கிள்’.

ஓட்டல் வேலையில் எதிர்மறைதான் அதிகம் வரும். ‘ஏசி வேலை செய்யவில்லை’ என்று விருந்தினர் வந்து நின்றால் ‘இஸ் நாட் ஒர்க்கிங்’. ‘ஞாயிற்றுக்கிழமை சமையல்காரர் வேலை செய்யமாட்டார்’ என்றால் ‘டஸ்நாட் ஒர்க் ஆன் சண்டேஸ்’. கறியே தொடாதவர் ‘ஐ டோன்ட் ஈட் மீட்’ என்பார். புரட்டாசிக்காக மட்டும் விட்டவர் ‘ஐ ஆம் நாட் ஈட்டிங் மீட் திஸ் மன்த்’ என்பார். அவருக்கு ஐப்பசியில் கோழிக்கறி வைக்கலாம்.