யூரின் கல்ச்சருக்கு ஏன் மூன்று நாள்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62, சர்க்கரை நோய் உண்டு. ஒரு வாரமாகச் சிறுநீர் போகும்போது எரிச்சல். டாக்டர் யூரின் கல்ச்சர் எழுதிக் கொடுத்தார். வலி தாங்காமல் முந்தின நாள் மருந்துக்கடையில் கேட்டு இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டார். காலை 5 மணிக்குப் பிடித்து வைத்ததை 9 மணிக்கு லேப் திறந்ததும் கொடுத்தோம். மூன்று நாள் காக்க வைத்துவிட்டு, ‘பலவகைக் கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன, மறுபடி மாதிரி அனுப்பவும்’ என்று எழுதித் தருகிறார்கள். சர்க்கரை டெஸ்ட் ஒரு மணி நேரத்தில் வருகிறதே, இதற்கு மட்டும் ஏன் இத்தனை நாள்? லேப்பில் ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்றவில்லை, அம்மா. அந்த லேப் நேர்மையாகத்தான் நடந்திருக்கிறது. கலந்து வளர்ந்த கிருமிகளில் ஏதோ ஒன்றின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தால்தான் உங்கள் அம்மாவுக்குத் தேவையில்லாத மருந்து போயிருக்கும்.

சர்க்கரையை மெஷின் அளந்து சொல்லிவிடும். கல்ச்சரில் அளப்பதற்கு முன் கிருமியை வளர்த்தாக வேண்டும். ஒற்றை பாக்டீரியா கண்ணுக்குத் தெரியாது. அது பெருகிப் பெருகி, லட்சங்களைத் தாண்டிக் கோடிகளை எட்டினால்தான் கிருமி வளர்க்கும் தட்டில் ஒரு சிறு புள்ளியாகத் தெரியும். சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலும் அகப்படுவது ஈ.கோலை. உணவும் சூடும் ஒத்து வந்தால் ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை அது இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்து மணி நேரத்தில் 30 தடவை இரட்டிப்பானால் கணக்கு 107 கோடியைத் தாண்டும். தட்டில் முழுக்க அப்படி நடப்பதில்லை. புது இடத்துக்குப் பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும், இரை குறைந்தால் வேகமும் குறையும். அதனால்தான் 18 முதல் 24 மணி நேரம் வரை காத்திருக்கிறோம். காசநோய்க் கிருமி ஒரு முறை பிரியவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதன் கல்ச்சருக்கு வாரக்கணக்கில் காத்திருப்பவர்களை நினைத்தால் நமக்கு மூன்று நாள் குறைவுதான்.

முதல் நாள், மெல்லிய கம்பி வளையத்தால் உங்கள் பாட்டிலிலிருந்து ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் எடுத்து, அகார் தட்டில் கோலம் இழுப்பது போல இழுத்து, உடம்புச் சூடான 37 டிகிரியில் இன்குபேட்டரில் வைப்பார்கள். மறுநாள் புள்ளிகளை எண்ணுவார்கள். 100 புள்ளி முளைத்திருந்தால் ஒரு மில்லிக்கு 1,00,000 கிருமி என்று பொருள். இந்த ஒரு லட்சம் என்ற எல்லைக்கோட்டை 1956-இல் எட்வர்ட் காஸ் என்ற அமெரிக்க மருத்துவர் முன்வைத்தார். எரிச்சலோடு வரும் பெண்களுக்கு அதற்குக் குறைவான எண்ணிக்கையையும் நாங்கள் ஒதுக்கிவிடுவதில்லை. பிறகு ஒரே வகைப் புள்ளியை எடுத்து வேறொரு தட்டு முழுக்கப் பரப்பி, அதன்மேல் ஆன்டிபயாடிக் ஊறிய சின்னக் காகித வில்லைகளை வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி எதுவும் வளராத ஒரு வட்டம் விழும். அதை மில்லிமீட்டரில் அளப்பது மூன்றாம் நாள். இந்த வட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ‘பெரிய வட்டம்தான் நல்ல மருந்து’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு.

அகார் என்றேனே, அது உங்களுக்குத் தெரிந்த பொருள்தான். நோன்புக் காலத்தில் பால் ஊற்றிக் காய்ச்சி ஆறவைத்து வெட்டித் தரும் கடல்பாசிதான் அது. கிருமிகளை ஆராய்ந்த ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் பெர்லினில் முதலில் உருளைக்கிழங்குத் துண்டிலும் ஜெலட்டினிலும் கிருமி வளர்த்துப் பார்த்தார். ஜெலட்டின் 37 டிகிரியில் உருகிவிடும், சில கிருமிகள் அதைத் தின்று கரைத்தும்விடும். அவரிடம் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, வெயிலிலும் தன் ஜெல்லி உருகாமல் நிற்பதற்கு அகார்தான் காரணம் என்று கணவரிடம் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்தவர்களிடம் கற்றுக்கொண்ட சமையல் பக்குவம் அது. கோக் 1882-இல் காசநோய்க் கிருமி பற்றி எழுதியபோது அகாரைக் குறிப்பிட்டார், ஃபேனியின் பெயரைக் குறிப்பிடவில்லை. உலகம் முழுக்க இன்று அகார் தட்டில் ஓடும் ஒவ்வொரு கல்ச்சரும் அந்த அம்மாவுக்குக் கடன்பட்டது. அதனால் இதைச் சொல்லாமல் என்னால் கடந்து போக முடிவதில்லை.

இனி உங்கள் அம்மாவின் பாட்டிலுக்கு வருவோம். காலை 5 மணிக்கும் 9 மணிக்கும் நடுவில் அதிலிருந்த கிருமிகள் சும்மா இருந்திருக்காது. சிறுநீரே அவற்றுக்கு நல்ல தீனி, நம் ஊர்ச் சூடோ இன்குபேட்டரின் சூட்டுக்கு வெகு தூரமில்லை. தோலிலிருந்து மில்லிக்கு 500 கிருமி தவறி விழுந்திருந்தது என்று வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தாலும் நான்கு மணி நேரத்தில் 1,28,000. அம்மாவின் உடம்பில் இல்லாத தொற்று பாட்டிலுக்குள் பிறந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், அந்த இரண்டு மாத்திரை ஆன்டிபயாடிக்காக இருந்தால், எரிச்சலுக்கு உண்மையான காரணமான கிருமி அடங்கிப்போய் முளைக்காமலே இருந்திருக்கலாம். வேண்டாதவை வளர்ந்து, வேண்டியது வளரவில்லை.

மறுபடி கொடுக்கும்போது லேப்புக்கே போய்ப் பிடித்துக் கொடுப்பது நல்லது. கடைசியாகச் சிறுநீர் கழித்து மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். அந்த இடத்தை வெறும் தண்ணீரால் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேப் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடிக்கச் சொல்லுங்கள். மூடியின் உள்பக்கம் விரல் படக்கூடாது. வீட்டில் கழுவி வைத்த ஊறுகாய் பாட்டில் வேண்டவே வேண்டாம். வீட்டில்தான் பிடிக்க வேண்டும் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். முடியாவிட்டால் பாட்டிலை நன்றாக மூடி, ஒரு கவரில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. குளிரில் பெருக்கம் நின்றிருக்கும், 24 மணி நேரம் வரை தாங்கும்.

மாதிரி கொடுத்ததும் அன்றே டாக்டரைப் பாருங்கள். ரிப்போர்ட் வரும்வரை மருந்தில்லாமல் இருக்க வேண்டியதில்லை. தேவைப்பட்டால் அவர் உடனே தொடங்கிவிட்டு, ரிப்போர்ட்டைப் பார்த்து மாற்றுவார். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்கத்தில் வலி, வாந்தி, பேச்சில் குழப்பம் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் லேப், கல்ச்சர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். சர்க்கரை உள்ளவருக்குத் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறினால் மணிக்கணக்கில் நிலைமை மாறிவிடும்.

மருந்துக்கடையில் வாங்கிய அந்த மாத்திரையின் அட்டை வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். லேப்பிலும் டாக்டரிடமும் அதன் பெயரைச் சொல்ல வேண்டும்.