மெட்டு தெரிந்தவரைத்தான் கூப்பிடுவார்கள்

கேள்வி: அயர்லாந்தின் லிமெரிக்கில் முதுகலை படிக்கிறேன். நன்றாகவே கிட்டார் வாசிப்பேன். ஆனால் இங்கே பப்களில் பலர் கூடி வாசிக்கும் ஐரிஷ் செஷன்களில் வாசித்தால் ஃபிடில் (வயலின்) வாசிப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இதையே தொழிலாக்கிக்கொள்ள ஆசை. நடக்குமா?

பதில்: நடக்கும். ஆனால் இந்த இசையில் கிட்டார் பக்கவாத்தியம். மெட்டு ஃபிடில், புல்லாங்குழல், அக்கார்டியன் வசம் இருக்கிறது. உங்களை வேலைக்குக் கூப்பிடப்போவதும் அவற்றை வாசிப்பவர்கள்தான்.

முகச்சுளிப்புக்குப் பெரும்பாலும் வலது கைதான் காரணம். ஜிக் என்னும் நடன மெட்டு 6/8 தாளம். அதற்குக் கீழ்-மேல்-கீழ், மறுபடி கீழ்-மேல்-கீழ் என்று அடிக்க வேண்டும். வழக்கம்போல மேலும் கீழுமாக மாற்றி அடித்தால் நான்காவது எண்ணிக்கையின் அழுத்தம் மேல்நோக்கிய அடியில் விழும், துள்ளல் செத்துவிடும். ஆடுபவர்களுக்கு அது உடனே காலில் தெரியும். ரீல் என்னும் இன்னொரு வகை நடன மெட்டுக்கு மேலும் கீழுமாக மாற்றி அடிப்பதே சரி.

அடுத்தது டியூனிங். ஆறு, இரண்டு, ஒன்று ஆகிய கம்பிகளை ஒரு முழு ஸ்வரம் இறக்குங்கள்: டி-ஏ-டி-ஜி-ஏ-டி. எழுபதுகளில் போதி பேண்ட் என்ற ஐரிஷ் இசைக்குழுவில் கிட்டார்காரர் மீஹால் ஓ டோனல் வாசித்தது இதில்தான். டி-யை ஸட்ஜமாக வைத்தால் ஸ-ப-ஸ-ம-ப-ஸ, மேஜரா மைனரா என்று காட்டிக்கொடுக்கும் காந்தாரமே கிடையாது. அதனால் மெட்டு மேஜரா மைனரா என்று பிடிபடும் முன்பே இடறாமல் கூடப் போகலாம். இன்னொரு ஐரிஷ் கிட்டார்காரர் ஆர்டி மெக்ளின் ஆறாவது கம்பியை மட்டும் இறக்கி வாசித்தார். பழைய விரல் பழக்கம் உள்ளவர்களுக்கு அது சுலபம்.

மெட்டுகளை முணுமுணுக்கும் அளவுக்குப் பாடம் செய்யுங்கள். பெரும்பாலானவை எட்டு பார் (தாளச் சுற்று) கொண்ட இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இருமுறை. மொத்தம் 32 பார். மூன்று சுற்று முடிந்ததும் நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள், பல சமயம் சுருதியும் மாறும். அங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கிட்டார்காரர் டென்னிஸ் கேஹில், மார்ட்டின் ஹேய்ஸின் ஃபிடிலுக்கு வாசித்ததைக் கேளுங்கள்: எவ்வளவு குறைவாக வாசித்து எவ்வளவு தாங்குகிறார்! செஷனில் ஏற்கெனவே ஒரு கிட்டார் இருந்தால் கேட்டுவிட்டு உட்காருங்கள். ஒரே மெட்டுக்கு இருவர் வெவ்வேறு கார்ட் (ஸ்வரக் கூட்டு) பிடித்தால் காதுக்கு ஆகாது.

வருமானம் துண்டு துண்டாகத்தான் வரும்: பப்பில் சம்பளம் பெறும் இரண்டு மூன்று பேரில் ஒருவராக வாசிப்பது, கல்யாணம், கேய்லி என்னும் ஐரிஷ் கூட்டு நடனம், வகுப்பு, கோடைச் சுற்றுப்பயணம். ஜூலையில் பக்கத்து கிளேர் மாவட்டத்து மில்டவுன் மால்பேயில் வில்லி கிளான்சி வாரம் என்ற ஐரிஷ் இசை விழா நடக்கும். போய்வாருங்கள், இசைக்காரர்களின் அறிமுகம் அங்கேதான் கிடைக்கும்.

ஒன்று மட்டும் கவனம்: மாணவருக்கான ஸ்டாம்ப் 2 அனுமதியில் சுயதொழில் செய்யக்கூடாது. படிப்பு முடியும் வரை காசு வாங்காமல் வாசியுங்கள். அதற்குள் எந்த அனுமதிக்கு மாறலாம் என்று குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டு வையுங்கள்.