மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே

அன்புள்ள அண்ணனுக்கு,

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. வலது கை, கால் வராது, பேச்சும் இல்லை. அந்த முதல் வருஷம், டிசம்பர் 31 ராத்திரி நடக்கும் வாட்ச் நைட் ஆராதனையில், புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்டு எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், "நான் உனக்கு ஆரோக்கியம் வரப்பண்ணி, உன் காயங்களை ஆற்றுவேன்" என்று இருந்தது. இன்னும் பீரோ கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. உபவாசம், சங்கிலி ஜெபம், எண்ணெய் பூசி ஜெபம் எல்லாம் செய்தாயிற்று. இப்போது முழங்காலில் நின்றால் புதிதாக ஒரு வார்த்தை வருவதில்லை, அதே நாலு வரிதான். போன மாதம் ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா, "உனக்கு விசுவாசம் பத்தலை" என்றார்கள். கர்த்தர் செய்த நன்மைகளை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். இந்த டிசம்பர் 31 ராத்திரி கோயிலுக்குப் போகவே மனசில்லை. என்ன செய்ய?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்த அக்கா சொன்னதைப் பார்த்துவிடுவோம். அது உள்ளே கிடந்து அறுத்துக்கொண்டே இருக்கும்.

மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறான். மகனுக்குச் சின்ன வயசிலிருந்தே வலிப்பு. அவன் சொன்னது, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அரைகுறை விசுவாசம் என்று அவனே கண்ணீரோடு ஒத்துக்கொள்கிறான். அவன் பிள்ளை சுகமானான். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்த இயேசுவுக்கு விசுவாசத்தில் என்ன குறை? அவர் கேட்டும் பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள், சுகமாகாத ஒரு வீட்டைப் பார்த்து விசுவாசம் பத்தவில்லை என்று சொல்ல மாட்டார்கள். அந்த அக்கா கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் சொன்னது தப்பு.

அதே நாலு வரி என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். மத்தேயு 26:44-ஐ மெதுவாக வாசியுங்கள்: "மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம்பண்ணினார்." ஆண்டவருக்கே அன்று ராத்திரி வேறு வார்த்தை வரவில்லை, தங்கச்சி.

அட்டையில் இருந்த வசனம் எரேமியா 30:17. அட்டையில் பாதிதான் அச்சாகும். மீதிப் பாதியில், விசாரிப்பாரற்றவள், தள்ளுண்டவள் என்று ஊர் பேர் வைத்த சீயோனோடு, அதாவது எருசலேமோடு, கர்த்தர் பேசுகிறார். ஊரை இழந்து பாபிலோனுக்குப் போன ஜனங்களுக்கான வாக்கு அது. அதற்கு முந்தின அதிகாரத்திலேயே எழுபது வருஷம் என்று கணக்கும் சொல்லியாயிற்று. அன்று தலை நரைத்திருந்தவர்கள் அந்த மண்ணிலேயே கண்மூடியிருப்பார்கள். வாக்கு பொய்யாகவில்லை, அவர்கள் கண் அதைப் பார்க்கவில்லை. இந்த வசனம் உங்களுக்கில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வருஷத்துக்கு ஒரு வசனம் என்று கையில் கொடுக்கும்போது, டிசம்பருக்குள் நடந்துவிடும் என்று நாமாகவே ஒரு தவணை வைத்துக்கொள்கிறோம். அந்தத் தவணையைக் கர்த்தர் வைக்கவில்லை.

இன்று ராத்திரி 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கேயாவது ஒரு துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. இரவும் பகலும் கூப்பிடுகிறேன் என்று தொடங்கி, "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று இருட்டிலேயே நின்றுவிடும். இதையும் சபை பாடவேண்டிய பாட்டோடு பாட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உங்கள் சாட்சி நேரத்தில் இதற்கு இடமில்லாமல் போனது சபையின் குறை. "ஏன் முகத்தை மறைக்கிறீர்" என்று கேட்கிறவன் இன்னும் அவரிடம்தானே கேட்டுக்கொண்டிருக்கிறான். விசுவாசம் என்று நான் நம்புவது அதைத்தான்.

என் அப்பாவுக்கு நடுக்குவாதம். கடைசி வருஷம் பேச்சு போய்விட்டது. ராத்திரி எட்டரைக்கு அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அப்பா கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பரமண்டல ஜெபம் சொல்வாள். "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" வரை சொல்லிவிட்டு நிறுத்திவிடுவாள். அப்பாவின் ஆட்காட்டி விரல் ஒருமுறை அசையும். அதற்கப்புறம்தான் இவள் ஆமென் சொல்வாள். சில நாள் அந்த விரலுக்காக ஐந்து நிமிஷம் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்பா சுகமாகவில்லை. அம்மா ஒரு ராத்திரியும் விடவில்லை.

நம் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மாளும் 1931-ல் கீழே விழுந்தபின், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில்தான் இருந்தார்கள். அத்தனை பிள்ளைகள் இருந்த அந்த வளாகத்தில் ஜெபத்துக்கா குறைச்சல்?

டிசம்பர் 31-க்கு வருகிறேன். முடிந்தால் போங்கள். கடைசி பெஞ்சில், கதவுப் பக்கம் உட்காருங்கள். சாட்சி நேரத்தில் வெளியே வந்து நிற்கவேண்டுமென்றால் நில்லுங்கள், யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டாம். அட்டை எடுக்க மனசில்லையா, எடுக்காதீர்கள். போக முடியவில்லையென்றால் பன்னிரண்டு மணிக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நாலு வரியைச் சொல்லுங்கள். அவர் இடது கை வருமென்று நினைக்கிறேன். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயர் வேண்டாம், சரி. அவர் பெயரை மட்டும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். காலையில் நானும் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்