பின்லாந்தின் பின்னிய (ஃபின்னிஷ்) மொழியில் ‘நீந்த’ என்பதற்கு ஏன் இரண்டு வடிவங்கள்?

‘ஹலுஆன் உய்தா’ (நீந்த விரும்புகிறேன்) சரியென்றால் ‘மெனென் உய்தா’ (நீந்தப் போகிறேன்) ஏன் தவறு என்று கேட்டிருந்தீர்கள். தமிழில் ‘நீந்த’ என்ற ஒரே செயவென் எச்சம் இரண்டு இடத்திற்கும் போதுமானதாக இருப்பதால் நமக்கு இந்தக் குழப்பம் இயல்பே. பின்னிய மொழியிலோ விருப்பத்தைக் குறிக்கும் வினை, அகராதி வடிவமான ‘உய்தா’வை ஏற்கிறது; போதலைக் குறிக்கும் வினை, ‘மா’ விகுதியோடு வேற்றுமை உருபும் சேர்ந்த, இலக்கண நூல்கள் ‘மூன்றாம் எச்சம்’ என்று அழைக்கும் வடிவத்தை வேண்டுகிறது. எனவே ‘மெனென் உய்மான்’ என்பதே சரி. நீந்திக்கொண்டிருப்பவர் ‘ஒலென் உய்மஸ்ஸா’ என்பார். நீந்திவிட்டு வருபவர் ‘துலென் உய்மஸ்தா’ என்பார். வீட்டில், வீட்டிலிருந்து என்பவற்றுக்குரிய ‘தலொஸ்ஸா’, ‘தலொஸ்தா’ ஆகியவற்றில் வரும் அதே உருபுகள்தான் இவை.

வடிவத்தை அமைக்க, படர்க்கைப் பன்மை நிகழ்காலத்தை எடுத்து ஈற்று ‘வாத்’தை நீக்கி ‘மான்’ சேருங்கள்: ‘தெகெவாத்’ (செய்கிறார்கள்) என்பதிலிருந்து ‘தெகெமான்’ கிடைக்கும். ‘தெஹ்தா’ என்ற அகராதி வடிவத்திலிருந்து தொடங்கினால் தடுமாறுவீர்கள்.

தொடங்குதலைக் குறிக்கும் ‘ருவெதா’ எப்போதும் ‘மான்’ வடிவத்தையே ஏற்கும். அதே பொருளுடைய ‘அல்கா’வுக்கு அகராதி வடிவமே சரியென நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது; 2014இல் பின்னிய மொழிக்குழு ‘அல்கா தெகெமான்’ என்பதையும் ஏற்றுக்கொண்டதால், பழைய பாடநூல் தவறென்று சொன்னாலும் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.