கீமோ இல்லாமல் இமாட்டினிப் மாத்திரை மட்டும் எப்படிப் போதுமானதாகிறது?

தாராவியிலிருக்கும் உங்கள் மாமாவுக்கு நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்றும், பரேல் மருத்துவர்கள் தினசரி இமாட்டினிப் மாத்திரை மட்டுமே தருகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். இந்நோயில் 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் பிசிஆர்-ஏபிஎல் என்னும் புரதம் உருவாகி, அழுத்திய பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்ட அழைப்புமணியைப் போல, ‘பெருகு’ என்ற சமிக்ஞையை ஓயாமல் அனுப்புகிறது. அப்புரதத்தில் ஏடிபி என்னும் ஆற்றல் தரும் மூலக்கூறு வந்து அமரும் குழிக்குள் இமாட்டினிப் புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்வதால் சமிக்ஞை அறுபட்டு, அதையே நம்பியிருந்த புற்றுசெல்கள் மடிகின்றன. கீமோவோ முடியின் வேர் உட்பட வேகமாகப் பிரியும் செல்களையெல்லாம் தாக்கும். 2001-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற இம்மருந்தின் வெற்றி எல்லாப் புற்றுநோய்க்கும் பொருந்தாது. பெரும்பாலானவற்றில் பல பொத்தான்கள் ஒருங்கே சிக்கியிருக்கும். டி315ஐ என்ற மரபணு மாற்றம் குழியின் வடிவத்தை மாற்றிவிட்டால் இமாட்டினிப் ஒட்டாது. அப்போது பொனாட்டினிப் போன்ற வேறு மருந்து தேவைப்படும். உடல் தேறிவிட்டதென்று மாமா தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.