பனாபா தீவின் வரலாறு: கேள்வி பதில்

கேள்வி: பனாபா எங்கே இருக்கிறது? சுரங்கம் வருவதற்கு முன் அங்கே மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

பதில்: நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, நவுருவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மேடான பவளத் தீவு அது. பரப்பு ஆறு சதுர கிலோமீட்டர்தான். இன்று கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்தது. அங்கே ஆறோ ஓடையோ கிடையாது. மழை பொய்த்த காலங்களில், தரைக்கடியில் உள்ள சுண்ணாம்புக் குகைகளுக்குள் பெண்கள் தவழ்ந்து சென்று, பாறையில் கசிந்து தேங்கிய நீரைத் தேங்காய்ச் சிரட்டைகளில் மொண்டு வந்தார்கள். அந்தக் குகைகளுக்குள் ஆண்கள் நுழைவதில்லை. 1870களில் வந்த நீண்ட வறட்சியில் பலர் மாண்டார்கள், பலர் கப்பலேறி வெளியேறினார்கள்.

கேள்வி: உரம் தயாரிக்க உதவும் பாஸ்பேட் என்ற கனிமம் அங்கே இருப்பதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: சிட்னியில் பசிபிக் தீவுகள் கம்பெனியின் அலுவலகத்தில், கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல்லை வைத்திருந்தார்கள். நவுருவிலிருந்து வந்த அந்தக் கல்லைக் கல்லாகிப்போன மரம் என்றே எல்லோரும் நம்பினார்கள். அங்கே பணியாற்றிய ஆல்பர்ட் எல்லிஸ் 1899இல் அதைச் சோதித்தபோது, அது உயர்தரப் பாஸ்பேட் என்று தெரிந்தது. பனாபாவும் அதே வகைத் தீவு என்று ஊகித்த அவர், 1900 மே மாதம் அங்கே போய் இறங்கினார்.

கேள்வி: தீவு மக்கள் தாமாகத்தானே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்?

பதில்: 1900 மே 3 அன்று எழுதப்பட்ட ஒப்பந்தம், தீவின் பாஸ்பேட் முழுவதையும் 999 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 50 பவுண்டுக்குக் கம்பெனிக்குக் கொடுத்தது. பனாபாவில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனித்தனி உரிமையாளர் இருந்தார். பிறர் நிலத்தை எழுதிக்கொடுக்கும் அதிகாரம் தலைவர் எவருக்கும் இருக்கவில்லை. ஆகவே அதைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. 1920இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் சுரங்கத்தை விலைக்கு வாங்கி, தங்கள் விவசாயிகளுக்கு மலிவாக உரம் கிடைக்கச் செய்தன. பின்னர் கூடுதல் நிலம் கேட்கப்பட்டபோது புவாகோனிகாய் கிராமத்தார் மறுத்தார்கள். கையெழுத்திட்டாலும் இடாவிட்டாலும் நிலம் போய்விடும் என்ற பொருளில், தீவை ஆண்ட பிரிட்டிஷ் நிர்வாகத்தின் ஆட்சியராக இருந்த ஆர்தர் கிரிம்பிள் 1928இல் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். 1931இல் அந்த நிலம் கட்டாயமாகக் கையகப்படுத்தப்பட்டது. மரங்களை வெட்ட வந்தபோது பெண்கள் அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கேள்வி: அப்படியானால் பனாபா மக்கள் பிஜிக்குப் போனது எப்படி?

பதில்: 1942இல் ஜப்பானியப் படை தீவைப் பிடித்து, மக்களை நவுரு, தாராவா, கொஸ்ராய் ஆகிய தீவுகளுக்கு நாடுகடத்தியது. வேலைக்காக நிறுத்திவைக்கப்பட்ட சுமார் 150 பேரை, ஜப்பான் சரணடைந்துவிட்ட பிறகு, 1945 ஆகஸ்டில் கொன்றார்கள். ஒருவர் மட்டுமே தப்பினார். உயிர்பிழைத்த பனாபர்களைப் பிரிட்டிஷ் நிர்வாகம் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை. பாஸ்பேட் வருவாயில் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பணத்தைக் கொண்டே, பிஜியின் ராபி தீவு முன்னதாக 25,000 பவுண்டுக்கு வாங்கப்பட்டிருந்தது. 1945 டிசம்பர் 15 அன்று, புயல் பருவத்தில், 703 பனாபர்கள் அங்கே இறக்கப்பட்டுக் கூடாரங்களில் தங்கவைக்கப்பட்டார்கள். ஊர் காலியானதால் சுரங்கத்துக்கு இருந்த தடையும் நீங்கியது என்பதை மறந்துவிட்டு இந்த இடப்பெயர்வைப் புரிந்துகொள்ள முடியாது.

கேள்வி: நீதிமன்றம் என்ன சொன்னது?

பதில்: பிரிட்டிஷ் அரசுக்கு எதிராகப் பனாபர்கள் தொடுத்த மிக நீண்ட வழக்கு லண்டனில் 1970களில் நடந்தது, நீதிபதி மெகாரி தீவுக்கே போய்ப் பார்த்தார். பனாபர்களின் நலனைக் காக்க அரசுக்கு இருந்த கடமை, நீதிமன்றத்தால் அமல்படுத்தக்கூடிய அறக்கட்டளைக் கடமை அன்று என்று 1976 இறுதியில் தீர்ப்பளித்தார். தோண்டிய நிலத்தில் மீண்டும் மரம் நடுவதாக 1913இல் தரப்பட்ட வாக்கு மீறப்பட்டதற்கு மிகச் சிறிய தொகையே இழப்பீடாகக் கிடைத்தது. பிறகு மூன்று அரசுகளும் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலேயே ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் வழங்க முன்வந்தன.

கேள்வி: இப்போது அங்கே யார் இருக்கிறார்கள்?

பதில்: 1979இல் சுரங்கம் மூடப்பட்டது, அதற்குள் சுமார் இரண்டு கோடி டன் பாஸ்பேட் கப்பலேறியிருந்தது. கூர்கூராக நிற்கும் சுண்ணாம்புப் பாறைகளுக்கும் துருப்பிடித்த இயந்திரங்களுக்கும் நடுவே இன்று சில நூறு பேர் வாழ்கிறார்கள். ராபியில் உள்ளவர்கள் பிஜி குடிமக்களாக இருந்தபோதிலும், கிரிபாட்டி அரசியலமைப்பு அவர்களுக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடத்தை ஒதுக்கியிருக்கிறது. 2023இல் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் எஞ்சிய பாஸ்பேட்டைத் தேட முன்வந்தபோது, ராபியிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது.